வாசலில் வைத்த கல்: தென்சென்னைப் புறநகரின் வாகன நிறுத்தக் கொள்கை பற்றி ஒரு முறையான ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல்லாவரம் தொடங்கிக் கூடுவாஞ்சேரி ஈறாக உள்ள நிலப்பரப்பில், வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வெளியே, தெருவுக்கு உள்ளே, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் யாருக்கோ சொந்தமான கல் ஒன்று கிடக்கிறது. அது உருண்டு வந்ததும் அன்று, தற்செயலாகக் கிடப்பதும் அன்று. பெருந்திட்டம், கட்டட விதி, மோட்டார் வாகனச் சட்டம், மன்றத் தீர்மானம் ஆகிய நான்கும் கூடிச் செய்ய முடியாத வேலையை அது தனியாளாகச் செய்துவருகிறது. அக்கல்லின் வகை, வாழ்க்கைமுறை, சட்டத் தகுதி, பொருளியல் ஆகியவற்றை ஆராய்ந்து, இப்பகுதியில் உண்மையில் நடைமுறையில் உள்ள ஒரே வாகன நிறுத்தக் கொள்கை அதுவே என நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். கல் இனி ‘காவற்கல்’ எனப்படும்.

1. ஆய்வுச் சிக்கல்

கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்பது பொதுமக்கள் நம்பிக்கை. ஆய்வுலகம் இதை ஏற்பதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நகரமைப்புப் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், ஒரு கார் தன் வாழ்நாளில் சுமார் 95 விழுக்காட்டை நின்றே கழிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஆகவே கார் என்பது நிற்கும் பொருள், எப்போதாவது ஓடும். இருந்தும் நம் திட்ட ஆவணங்கள் ஓடுகிற அந்த ஐந்து விழுக்காட்டைப் பற்றியே பேசுகின்றன. மேம்பாலம், சுரங்கப்பாதை, எட்டுவழிச் சாலை, யூ-டர்ன் எல்லாம் ஓடும் காருக்குப் போடும் படையல்கள். நிற்கும் காரைப் பற்றிப் பேசுவோர் எதிர்வீட்டுக்காரர்கள் மட்டுமே. அவர்கள் பேசுவதும் ஆய்விதழில் அச்சிடத் தக்க நடையில் இல்லை.

நிற்கும் காருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நகரமைப்போர் கணக்கில் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது ஏறத்தாழ 135 சதுர அடி. புறநகர் அடுக்குமாடிகளில் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடி. கணவனும் மனைவியும் படுக்கும் அறையைவிடக் காரின் படுக்கை பெரிது. அந்த அறைக்கு வங்கியில் கடன் வாங்கி இருபது வருடம் தவணை கட்டுகிறோம். காரின் படுக்கைக்கு ஒரு கல் போதுமானதாக இருக்கிறது. இந்த விலை வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே ஆய்வுச் சிக்கல்.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் தொடக்கம் 1935 ஜூலை 16, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி. அந்நகரக் கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள் காலையில் காரை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுத்தார்கள். பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லை. கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர் முன்னின்று செய்வித்த கருவி அன்று நடப்பட்டது. அதில் மணிக்கு ஐந்து சென்ட் போட வேண்டும். அடுத்த மாதமே காசு போடாமல் மாட்டிக்கொண்ட ஒரு பாதிரியார், சில்லறை மாற்றக் கடைக்குள் போயிருந்ததாக நீதிபதியிடம் சொன்னார் என்பார்கள். மீட்டர் யுகத்தின் முதல் சாக்கு இதுவாக இருக்கலாம். குரோம்பேட்டையில் வழங்கும் ‘டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன் சார், ரெண்டே நிமிஷம்’ என்பது இதன் நேர்வழி வாரிசு. அங்கே கடைவாசலில் நாள் முழுக்க நிற்பதும் பெரும்பாலும் முதலாளியின் காரும் ஊழியர்களின் பைக்குகளும்தான். பிறகு அதே முதலாளி, ‘வண்டி விட இடமில்லாததால் வியாபாரம் படுத்துவிட்டது’ என்று வணிகர் சங்கத்தில் மனு எழுதுவார். ஓக்லஹோமா தீர்த்துவிட்ட சிக்கலை நாம் சேதமின்றிக் காப்பாற்றி வருகிறோம்.

ஜப்பான் 1962-இல் ஒரு சட்டம் செய்தது. காரை நிறுத்தத் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அது வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று காட்டிக் காவல்துறையிடம் சான்று பெற்றால்தான் காரைப் பதிவு செய்யலாம். மிகச் சிறிய வண்டிகளுக்குச் சில ஊர்களில் சலுகை உண்டு. நம்மிடம் கார் வாங்கும்போது வருமானம் கேட்கிறார்கள், முகவரி கேட்கிறார்கள். அந்த முகவரிக்குள் கார் நுழையுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

உள்நாட்டு ஆய்வுகளில் முதலிடம் 1934-இல் நிறுவப்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரசுக்கு. ஊர்ப்புறச் சாலைகளுக்காக 1990-இல் அது வெளியிட்ட அட்டவணை, எல்லா வண்டிகளையும் காராக மாற்றிக் கணக்கிடுகிறது. மோட்டார் சைக்கிள் அரை கார். பஸ், லாரி மூன்று கார். கைவண்டியும் மூன்று கார். மாட்டுவண்டி எட்டு கார். வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நடுரோட்டில் படுத்து அசைபோடும் மாட்டுக்கு அட்டவணையில் மதிப்பில்லை, கல்லுக்கும் இல்லை. மாட்டை வேறு அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, கல்லின் இடைவெளியை மட்டும் இக்கட்டுரை நிரப்ப முயல்கிறது.

3. ஆய்வுக் களம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதன் பிறகு இத்தடத்தில் மனை வாங்கியவர்கள் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தை அளந்து வாங்கினார்கள். மனைப்பிரிவு போட்டவர்களும் நடப்பவனுக்கும் சைக்கிளுக்கும் போதுமான தெருவை விட்டார்கள்: இருபதடி, கொஞ்சம் தாராள மனசுக்காரர் என்றால் இருபத்துநாலடி. முழு கிரவுண்டு 2,400 சதுர அடி, அரை கிரவுண்டு 1,200. தெருவில் ஓர் அம்பாசிடர் இருந்தால் அது டாக்டர் வீடு. அடையாளம் சொல்லப் பயன்படும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரில் போர்டு, ஒரகடத்தில் ரெனோ-நிசான் எனத் தொழிற்சாலைகள் இப்பகுதியைச் சுற்றி வளைத்தன. காரைச் செய்வதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் எடுத்துக் கொடுத்த வட்டாரம், செய்த காரை இரவில் எங்கே விடுவது என்ற கேள்வியைக் கார் வாங்கியவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து, 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆயின. அதே ஆண்டு நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சி நகராட்சி ஆனது. ஊர் பேரூராட்சியாகப் படுத்து மாநகராட்சியாக எழுந்தது. தெரு இருபதடியாகப் படுத்து இருபதடியாகவே எழுந்தது.

அந்த இருபதடியும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுகிறார்கள். ரோடு ஏறுகிறது, வீடு இறங்குகிறது. மழைநீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் வாசலை உயர்த்துகிறார். உயர்ந்த வாசலிலிருந்து வண்டி இறங்கத் தெருவுக்குள் சாய்தளம் போடுகிறார். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. சாய்தளம் பக்கத்துக்கு மூன்றடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மிச்சம் பதினான்கு அடி, 4.3 மீட்டர். இதில் ஒரு பக்கம் ஒரு சிறிய எஸ்.யூ.வி. நின்றால் 1.8 மீட்டர் போயிற்று. மீதி 2.5 மீட்டர். தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி, தீயணைப்பு வண்டி எதுவானாலும் விதிப்படி 2.6 மீட்டர் வரை அகலம் இருக்கலாம். பற்றாக்குறை பத்து சென்டிமீட்டர். புறநகரின் போக்குவரத்து மேலாண்மை முழுவதும் இந்தப் பத்து சென்டிமீட்டருக்குள்தான் நடக்கிறது. பக்கக் கண்ணாடியை மடக்குவது, கிளீனர் இறங்கி ‘வா வா வா, லெஃப்ட் ஒடி, வா’ என்று கத்துவது, இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு பெரியவர் இலவச ஆலோசனை சொல்வது ஆகியவை அதன் துணைக் கருவிகள்.

4. காவற்கல்: வகைப்பாடு

களத்தில் காவற்கல் பல வடிவங்களில் காணப்படுகிறது. எண்ணிக்கை தருவதற்கில்லை, எண்ணுவதற்குள் நகர்ந்துவிடுகிறது.

(அ) இயற்கைக் கல். வீடு கட்டியபோது கடைக்காலில் மிஞ்சிய கருங்கல், அல்லது மழைநீர் வடிகால் வேலையில் ஒப்பந்தக்காரர் விட்டுச்சென்ற மூடியின் துண்டு. பின்னது அரசுச் சொத்து. அரசுச் சொத்தைக் கொண்டு அரசு நிலத்தை வளைக்கும் அரிய நிகழ்வு.

(ஆ) டப்பாக் கல். இருபது லிட்டர் பெயின்ட் டப்பாவில் கான்கிரீட்டைக் கொட்டி நடுவில் பி.வி.சி. குழாயை நட்டது. உச்சியில் சிவப்புத் துணி. தூக்க முடியாது, உருட்டலாம். வீட்டில் அண்மையில் பெயின்ட் அடித்தார்கள் என்ற செய்தியையும் இது தெருவுக்குத் தெரிவிக்கிறது.

(இ) நாற்காலிக் கல். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. எடை குறைவு, ஆனால் ‘யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறார்கள்’ என்ற எண்ணத்தை உண்டாக்குவதால் மதிப்பு அதிகம்.

(ஈ) பசுமைக் கல். சிமென்ட் தொட்டியில் குரோட்டன்ஸ். நகர்த்தினால் செடியை நகர்த்திய பாவம் சேரும். துளசி வைத்தவர்கள் இக்கலையின் உச்சத்தைத் தொட்டவர்கள்.

(உ) எழுத்துக் கல். கேட்டில் தொங்கும் ‘நோ பார்க்கிங்’ பலகை. மேல்பாதியில் எச்சரிக்கை, கீழ்ப்பாதியில் டியூஷன் சென்டரின் அல்லது போர்வெல் போடுபவரின் விளம்பரம். அரசு நிதியின்றித் தனியார் பங்களிப்பில் ஊர் முழுக்க நிறைவேறிய ஒரே போக்குவரத்துத் திட்டம் இதுதான். கூடவே ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற தண்டனைப் பிரிவும் சில பலகைகளில் உண்டு. காற்றைப் பிடுங்கினால் அந்த வண்டி மறுநாள் காலை வரை அதே கேட்டின் முன்தான் நிற்கும் என்பதைச் சட்டம் இயற்றியவர் கருதவில்லை.

(ஊ) வண்டிக் கல். பரிணாமத்தின் கடைசிப் படி. ஓடுவதை எப்போதோ நிறுத்திவிட்ட பழைய ஸ்கூட்டர். காருக்கு இடம் பிடித்து வைப்பதே அதன் தற்போதைய தொழில். கார் வெளியே போகும்போது ஸ்கூட்டர் நடுவுக்கு வரும். கார் திரும்பும்போது ஓரத்துக்குப் போகும். வண்டியே கல்லானபின் எது நிறுத்தப்பட்டது, எது நிறுத்தத்தைத் தடுக்கிறது என்ற வேறுபாடு மறைகிறது. மெய்யியல் துறையினர் கவனிக்க.

5. நடுகல் மரபும் காவற்கல்லும்

தமிழர்க்குக் கல் நடுவது புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுக்கிறது. நடுகல் ஆநிரையைக் காத்து அல்லது கவர்ந்து மாண்டவனுக்கு, காவற்கல் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு உயிரோடிருப்பவனுக்கு. இவ்வொரு வேறுபாடு தவிர ஆறு நிலைகளும் அப்படியே பொருந்துகின்றன.

காட்சி: கல்லைத் தேர்தல். எதிர்வீட்டு உறவினர் கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலை அடைத்து நின்றதன் மறுநாள், வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையில் அவர் கண்ணில் ஒரு கல் படுகிறது. முன்பும் அங்கேதான் கிடந்தது, அன்றுதான் தெரிந்தது.

கால்கோள்: கல்லைக் கொணரத் தொடங்குதல். பெரும்பாலும் கரண்டு போன நேரத்தில். பகலில் நடந்தால், ‘வாசல்ல தண்ணி தேங்குது, அதுக்குத்தான்’ என்று கேட்காதவருக்கும் விளக்கம் தரப்படும்.

நீர்ப்படை: கல்லை நீராட்டுதல். வாசல் தெளிக்கும்போது கல்லுக்கும் ஒரு செம்பு தண்ணீர் விழுகிறது. மார்கழியில் கோலத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்ட கற்கள் உண்டு. அன்று முதல் அவை குடும்ப உறுப்பினர்கள்.

நடுதல்: நிறுவுதல். முதல் நாள் சுவரை ஒட்டி. பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் தெருப் பக்கம். கல் நகர்வதை யாரும் பார்த்ததில்லை. நகர்ந்திருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நிலத்தட்டுகளின் நகர்வையும் அறிவியல் இப்படித்தான் கண்டுகொண்டது.

பெரும்படை: சிறப்புச் செய்தல். கல்லுக்குத் துணையாகத் தொட்டி, தொட்டிக்குத் துணையாகச் சங்கிலி, கடைசியில் ‘கார் ஓனர் ஒன்லி’ என்று சுவரில் பெயின்ட் எழுத்து. இந்நிலையில் கல் கோயில் கொண்டுவிடுகிறது. வீட்டை விற்கும்போது தரகர் ‘கார் பார்க்கிங் இருக்கு சார்’ என்று கையைக் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

வாழ்த்தல்: இரவு பதினொரு மணிக்கு வண்டி விட இடம் தேடி மூன்றாவது முறை தெருவைச் சுற்றிவரும் பக்கத்து வீட்டுப் பையன் கல்லைப் பார்த்துச் சொல்வது. அச்சொற்கள் இங்கே தரப்படவில்லை.

6. தும்பைப் படலம்

இரு படைகள் ஓரிடத்தில் நேருக்கு நேர் மோதுவது தும்பைத் திணை. அங்கே நிலமோ பொருளோ குறியன்று, தன் வலிமையை நிலைநாட்டுவதே குறி என்பர் உரைகாரர். இருபுறமும் காவற்கற்கள் நிறைந்த இருபதடித் தெருவில் கிழக்கேயிருந்து ஒரு காரும் மேற்கேயிருந்து ஒரு காரும் நுழையும்போது நிகழ்வது இதுவே.

முதற்கட்டத்தில் இருவரும் ஹெட்லைட்டை ஒருமுறை சிமிட்டுகிறார்கள். ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்றும் ‘நான் முதலில் வருகிறேன்’ என்றும் இதற்கு இரு பொருள் உண்டு. அனுப்பியவர் ஒன்றையும் பெற்றவர் மற்றதையும் கொள்வது மரபு. இரண்டாம் கட்டத்தில் இருவருக்கும் பின்னால் ஆட்டோ, பைக், பள்ளி வேன் வந்து நிற்க, பின்வாங்கும் வழி அடைபடுகிறது. மூன்றாம் கட்டத்தில் வெற்றி தோல்வியில் சம்பந்தமே இல்லாத ஒருவர், இஸ்திரி வண்டிக்காரரோ பால் பாக்கெட் வாங்க வந்தவரோ, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நடுவே வந்து நின்று கையசைக்கத் தொடங்குகிறார். ‘நீ கொஞ்சம் ரிவர்ஸ் எடுப்பா, சார் நீங்க அப்படியே வாங்க.’ இவருக்குச் சீருடை இல்லை, விசில் இல்லை, சம்பளம் இல்லை. இவர் சொல்வதை இரு தரப்பும் கேட்கின்றன. ஏனெனில் இவர் அபராதம் போட மாட்டார். அதைவிட, நடக்க வழியில்லாமல் நிற்கும் மூன்றாம் தரப்பு இவர் ஒருவரே என்பது இருவருக்கும் தெரியும்.

போர் முடிந்ததும் இருவரும் கல்லைத் திட்டிக்கொண்டே போகிறார்கள். இருவர் வீட்டு வாசலிலும் கல் இருக்கும் வாய்ப்பு மிகுதி.

7. சட்டத் தகுதி

1989-இல் வந்த சாலை விதிகள், எங்கெல்லாம் வண்டியை நிறுத்தக்கூடாது என்று ஒரு பட்டியல் தந்தன. அவற்றுக்குப் பதில் 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. பழைய பட்டியலைப் படித்தால் கண் கலங்கும். நடைபாதை மேல் கூடாது. நிறுத்தியிருக்கும் இன்னொரு வண்டிக்கு எதிரே கூடாது. அதன் பக்கத்திலும் கூடாது. பஸ் நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல் அருகே கூடாது. வீட்டு வாசலை மறித்துக் கூடாது. நடைபாதை விளிம்பை விட்டு விலகியும் கூடாது. கடைசி விதியை மீறுவதற்குக்கூட முதலில் ஒரு நடைபாதை வேண்டும் என்பதால், இப்பகுதியினர் அதில் நிரபராதிகள். மற்றவற்றை அப்படியே செயல்படுத்தினால் தாம்பரம் முழுவதிலும் சட்டப்படி நிற்கக்கூடிய கார், ஷோரூம் கண்ணாடிக்குள் நிற்பது ஒன்றே.

அபராதம் உண்டு. 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் முதல் தடவைக்கு 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500. ஆனால் இது வண்டிக்கு. கல்லுக்குப் பதிவெண் இல்லை. ரசீது யார் பெயரில் போடுவது? தெரு மாநகராட்சியுடையது. போக்குவரத்து, 2022 ஜனவரியில் அமைந்த தாம்பரம் காவல் ஆணையரகத்துடையது. தெரு போய்ச் சேரும் ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைக்காரர்களுடையது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது; அவ்வளவு பரப்பை வரைபடத்தில் காட்டும்போது கல் புள்ளியாகக்கூடத் தெரியாது. இத்தனை அதிகாரங்களின் எல்லைகளும் சந்திக்கும் முச்சந்தியில் கல் நிம்மதியாக இருக்கிறது.

கட்டட விதிகளோ, வீடு கட்டும்போதே வண்டி நிறுத்த இடம் காட்டச் சொல்கின்றன. காட்டுகிறார்கள். வரைபடத்தில் ‘கார் பார்க்கிங்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் நேரில் போனால் தையற்கடை இருக்கும், அல்லது வாடகைக்கு விட்ட ஒற்றை அறை இருக்கும். உள்ளே நிற்க வேண்டிய கார் வெளியே வந்தது. வெளியே வந்த காருக்குக் காவலாகக் கல் வந்தது. வாடகை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

8. ஒப்பீட்டாய்வு: கீரைக்காரம்மா

தெருமுனையில் கீரை விற்கும் அம்மாவின் கடை ஒரு சாக்கு விரிப்பு. நாலடிக்கு ஆறடி, 24 சதுர அடி. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவரைக் கணக்கெடுக்க வேண்டும். அடையாள அட்டை தர வேண்டும். விற்பனைச் சான்று தர வேண்டும். எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்று மண்டலம் பிரிக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்க நகர விற்பனைக் குழு ஒன்று உண்டு. அதில் நாற்பது விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர் கட்டணமும் கட்ட வேண்டும். இத்தனையும் இருந்தும், அமைச்சர் வருகிறார் என்றால் முதலில் எழுப்பப்படுபவர் அவர்தான்.

அவருக்குப் பத்தடி தள்ளி 135 சதுர அடியில் ஒரு கார் கவர் போட்டுத் தூங்குகிறது. அதற்குக் கணக்கெடுப்பு இல்லை, மண்டலம் இல்லை, சான்று இல்லை, குழு இல்லை, கட்டணம் இல்லை. அமைச்சர் வந்தாலும் எழுப்புவதில்லை; கவர் போட்டிருப்பதால் நாகரிகமாக இருக்கிறது. 24 சதுர அடியில் பிழைப்பு நடத்துபவர் ஆக்கிரமிப்பாளர். 135 சதுர அடியில் தூங்குவது வசதி. ஆய்வுச் சிக்கலுக்கான விடை இங்கேதான் கிடைக்கிறது. தெரு நிலத்துக்கு விலை இருக்கிறது; அதை யாரிடம் கேட்பது என்பதில்தான் வேறுபாடு. அம்மாவிடம் கேட்டால் கொடுப்பார். கார்க்காரரிடம் கேட்டால் அவர் கவுன்சிலருக்குப் போன் போடுவார்.

9. எதிர்ச்சான்று: ஸ்டேஷன் ஸ்டாண்டு

இடமே இல்லை என்ற பொதுக் கருத்தை மறுக்கும் களச்சான்று ஒன்று உண்டு: ரயில்வே ஸ்டேஷன் டூ-வீலர் ஸ்டாண்டு. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பைக்குகள் அலைஅலையாக வருகின்றன. அங்கே இருப்பவருக்கு நகரமைப்பில் பட்டம் இல்லை. ஒரே ஒரு கட்டளை: ‘சைடு லாக் போடாதீங்க.’ பூட்டாத வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு இழுப்பு, ஒரு தள்ளு. இரண்டு வண்டிக்கு நடுவே கை நுழையாத இடத்தில் மூன்றாவது வண்டி நின்றுவிடும். மாலையில் டோக்கனை நீட்டினால், அந்தக் கடலுக்குள்ளிருந்து உங்கள் வண்டியை உருவிக் கொடுப்பார்.

இதன் இரகசியம் மூன்று. நிற்கும் நேரத்துக்குக் காசு உண்டு. எனவே யாரும் தேவைக்கு மேல் நிறுத்துவதில்லை. எந்த இடமும் யாருக்கும் நிரந்தரமில்லை; எனவே யாரும் கல் கொண்டுவருவதில்லை. பொறுப்பு ஒருவரிடம் இருக்கிறது. எனவே மூன்று அலுவலகம் ஏற வேண்டியதில்லை. ஷூப் 2005-இல் பல நூறு பக்கப் புத்தகமாக எழுதியதை இவர் மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்.

10. பருவகால நடத்தை

வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கை வந்தவுடன் கார்கள் தாழ்வான தெருக்களை விட்டு மேட்டுக்கு நகர்கின்றன. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரும் அதே பருவத்தில், வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களின் இரு ஓரங்களிலும் கார்கள் வந்து வரிசையாக அமர்கின்றன. 2024 அக்டோபரில் இப்படி நிறுத்தியவர்களுக்கு அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவ, அப்படி எதுவும் போடவில்லை என்று காவல்துறை விளக்கம் சொல்ல நேர்ந்தது. ஓடுவதற்காகக் கட்டிய பாலம் நிற்பதற்குப் பயன்பட்ட அந்த நாட்களில் எந்தக் கல்லும் மேம்பாலத்துக்கு வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே யாருக்கும் வாசல் இல்லை. முதலில் வந்தவர் முதலில் நிறுத்தினார். இடமில்லாதவர் அடுத்த மேட்டைத் தேடினார். கல் காரால் உண்டாவதன்று, வாசலால் உண்டாவது என்னும் கருதுகோள் இதனால் உறுதிப்படுகிறது.

11. பரிந்துரைகள்

ஷூப் நகரங்களுக்குச் சொன்னவை மூன்று: தெருவோர இடத்துக்குச் சரியான விலை வை, வரும் பணத்தை அதே தெருவில் செலவிடு, ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார் இடம் காட்ட வேண்டும் என்ற விதியைக் கைவிடு. மூன்றாவதை நம் மக்கள் தையற்கடை வைத்து எப்போதோ நிறைவேற்றிவிட்டார்கள். மிச்சம் இரண்டு.

முதலாவதாக, காவற்கற்களை அகற்ற வேண்டியதில்லை, அங்கீகரிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, உரிமையாளர் பெயரெழுதி, 135 சதுர அடிக்கு அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி மாத வாடகை விதிக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தோடு ஒரு பில் கலெக்டர் தெருமுனையில் நுழைந்தால் போதும். ‘இது உங்க கல்லா சார்?’ என்று அவர் கேட்கும்போது, பல வருடம் நீராட்டி, கோலமிட்டு வளர்த்த கல்லை வீட்டுக்காரர் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ‘யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க, எடுத்துட்டுப் போங்க’ என்பார். ஜே.சி.பி. தேவைப்படாத ஆக்கிரமிப்பு அகற்றம் இது.

இரண்டாவதாக, கல்லைக் கைவிடாமல் வாடகை கட்டுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே இடம் வேண்டும். அவர்கள் பணத்தில் அதே தெருவில் நடைபாதை போட வேண்டும். பணம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டால் அடுத்த வாரமே கல் திரும்பிவிடும். கண்ணெதிரே நடைபாதை எழுந்தால், பக்கத்து வீட்டுக்காரர் வாடகை பாக்கி வைத்திருக்கிறாரா என்று தெருவே விசாரிக்கும். இந்தக் கண்காணிப்பு நமக்குப் பிறவியிலேயே உண்டு. இதுவரை நற்செயலுக்குப் பயன்பட்டதில்லை.

மூன்றாவதாக, கீரைக்காரம்மாவுக்கு உள்ள எல்லா விதியும் காருக்கும் பொருந்தும் என ஒரு வரித் தீர்மானம் போட வேண்டும். அட்டை, மண்டலம், கட்டணம், குழு, அமைச்சர் வந்தால் எழுப்புதல் உட்பட.

இப்பரிந்துரைகள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் வைக்கப்பட்டால் நடக்கக்கூடியதையும் ஆய்வு முன்னறிந்து சொல்லிவிடலாம். கற்கள் பெரும் தொல்லை என்று ஒருமனதாக முடிவாகும். வாடகை என்ற சொல் வந்ததும் சலசலப்பு எழும். ‘நாங்க சொத்து வரி கட்டறோமே’ என்பார் ஒருவர். அந்த வரி சுவருக்கு உள்ளே இருப்பதற்கு மட்டும்தான் என்று யாரும் அவரிடம் சொல்ல மாட்டார்கள். கடைசியில், அடுத்த தெருவில் உள்ள கற்களை உடனே அகற்றக் கோரி ஆணையருக்கு மனு கொடுப்பது என்று தீர்மானம் நிறைவேறும். அடுத்த தெருச் சங்கமும் அதே வாரம் இதே போன்ற மனுவைக் கொடுத்திருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, நடவடிக்கைக்காகக் காவல்துறைக்கு அனுப்பிவைப்பார்கள்.